நீலகிரியில் வளரிளம் பருவ நல ஆய்வு: புதிதாக வருபவர்களுக்கு

வளரிளம் பருவத்தினரின் பாலியல் நலம் பற்றி ஆய்வு செய்யவோ வகுப்பு எடுக்கவோ நீலகிரிக்கு வரும் மாணவர்களும் புதிய களப்பணியாளர்களும் பெரும்பாலும் முதலில் கேட்பது, “எந்தப் பள்ளியில் சீக்கிரம் அனுமதி கிடைக்கும்?” என்பதுதான். அனுமதி எப்படியும் கிடைத்துவிடும். நான் அவர்களைத் திருப்பிக் கேட்பது வேறு ஒன்று. ஒரு பிள்ளை உங்களிடம் எதையாவது சொன்னால், அது யார் யார் காதுக்குப் போகும்? இதற்கு உறுதியான பதில் கையில் இல்லாமல் கேள்வித்தாளைப் பையிலிருந்து எடுக்காதீர்கள்.

பெரிய நகரத்தில் இது இவ்வளவு அழுத்தமாகத் தெரியாது. இங்கே தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். காலையில் ஒரே பேருந்து; அதில்தான் பிள்ளையும் சித்தியும் டீச்சரும் நர்சம்மாவும் வருவார்கள். சுகாதார நிலையத்து வாசலில் ஒரு பெண்பிள்ளை தனியாக நின்றால் சாயங்காலத்துக்குள் வீட்டுக்குச் செய்தி போய்விடும். பிள்ளைகள் வாய் திறக்காததற்கு வெட்கத்தைவிட இந்தப் பயம்தான் பெரிய காரணம்.

கூடலூர், பந்தலூர் பக்கம் பல ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். சரியாகச் செய்ததையும் தவறவிட்டதையும் வைத்து, முதல் நாளிலிருந்து என்ன செய்யலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. எந்த இடம், எந்தப் பிள்ளைகள்

உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களை வளரிளம் பருவத்தினர் என்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் இவர்கள் 25 கோடிக்கும் மேல். 2014 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம், பாலியல் மற்றும் இனப்பெருக்க நலத்தைத் தனியாகப் பிரித்து வைக்காமல் ஊட்டச்சத்து, மனநலம், வன்முறையும் விபத்தும், போதைப் பழக்கம், தொற்றா நோய்கள் ஆகியவற்றோடு சேர்த்து ஆறு பொருள்களில் ஒன்றாக வைத்தது. களத்தில் இது உண்மையிலேயே உதவும். ரத்தசோகையிலும் சாப்பாட்டிலும் தொடங்கினால் மாதவிடாய்க்குப் பேச்சு தானாக வரும்.

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் (2019–21) தமிழ்நாட்டில் 20–24 வயதுப் பெண்களில் 12.8 விழுக்காட்டினருக்கு 18 வயதுக்கு முன்பே திருமணம் நடந்திருந்தது. 15–19 வயதினரில் 6.3 விழுக்காட்டினர் தாயாகவோ கர்ப்பமாகவோ இருந்தார்கள். இவை மாநிலத்தின் சராசரி. இதை வைத்துக்கொண்டு ஓவேலியைப் பற்றியோ கோத்தகிரியைப் பற்றியோ எதுவும் சொல்லிவிட முடியாது. இந்த ஒரு மாவட்டத்துக்குள் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பழங்குடிகள் இருக்கிறார்கள். படுகர் ஹட்டிகள் (படுகர்களின் ஊர்கள்) இருக்கின்றன. 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கூடலூர்ப் பக்கம் வீட்டில் மலையாளமும் பள்ளியில் தமிழும் பேசும் பிள்ளைகள் நிறைய. “நீலகிரி வளரிளம் பருவத்தினர்” என்று எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். ஒரு பகுதியை எடுத்து அதில் நன்றாக இறங்குங்கள்.

வயதையும் பிரியுங்கள். 11 வயதுப் பிள்ளையும் 17 வயதுப் பிள்ளையும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்தால் சின்னது பயப்படும், பெரியது பேசாது.

பள்ளிக்கு வராதவர்களை மறந்துவிடாதீர்கள். இடையில் நின்று கொழுந்து பறிக்கப் போகும் பெண்பிள்ளைகளும், திருப்பூருக்கோ கேரளத்துக்கோ வேலைக்குப் போய்விட்டு விசேஷத்துக்கு மட்டும் ஊர் திரும்பும் பையன்களும்தான் எந்தத் திட்டத்தின் கையிலும் சிக்காதவர்கள். பையன்களைப் பார்க்க நல்ல இடம் ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்து மைதானம்.

2. வார்த்தைகளைச் சரிசெய்யுங்கள்

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ‘பாலியல்’ என்ற சொல் நமக்குத் துறைச்சொல். இலை எடுத்துவிட்டு வந்து செய்தி கேட்கும் அம்மாவுக்கு அது வன்கொடுமை, தொந்தரவு, தொழில் ஆகியவற்றோடு ஒட்டிக்கொண்டு மட்டுமே வரும் சொல். பெற்றோருக்கு அனுப்பும் கடிதத்தின் தலைப்பில் அதைப் போட்டால், தன் மகளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவர் பதறுவார். நான் ‘வளரிளம் பருவ நலம்’ என்று எழுதுகிறேன். அதற்காக எதையும் மறைப்பதில்லை. அடுத்த வரியிலேயே மாதவிடாய், உடல் மாற்றங்கள், கரு உண்டாகும் விதம், பால்வினைத் தொற்று, தவறான தொடுதல் என்று என்னென்ன பேசப் போகிறோம் என்பதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன்.

பிள்ளைகள் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்களோ அதிலிருந்து தொடங்குங்கள். பள்ளியில் ‘பீரியட்ஸ்’ என்பார்கள்; பாட்டி முன்னால் ‘தூரம்’, ‘தலைக்குக் குளிச்சிருக்கேன்’ என்பார்கள். இரண்டையும் புரிந்துகொள்ளுங்கள். ‘தீட்டு’ என்ற சொல்லை மட்டும் உங்கள் வாயால் சொல்லாதீர்கள். உடலுறுப்புகளுக்குப் பாடப்புத்தகச் சொற்களே போதும். முகம் சுளிக்காமல் சாதாரணமாகச் சொன்னால் இரண்டாவது வகுப்பில் அவர்களும் சொல்வார்கள்.

கேள்வித்தாளில் ‘பழகுதல்’ என்ற சொல்லைப் பார்த்தால் அடித்துவிடுங்கள். “ஆண்களோடு பழகியிருக்கிறாயா?” என்ற கேள்விக்கு ஒரு பிள்ளை பக்கத்து வீட்டு அண்ணனை நினைத்து ‘ஆமாம்’ என்பாள்; இன்னொருத்தி காதலை நினைத்து ‘இல்லை’ என்பாள். இரண்டும் உங்கள் அட்டவணையில் ஒரே கேள்விக்கான பதிலாக ஏறி உட்காரும். பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகளுக்குப் பள்ளித் தமிழ் இரண்டாவது மொழி. புரியாவிட்டாலும் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த சுகாதாரப் பணியாளர் ஒருவரிடம் கேள்விகளை அவர்கள் மொழியில் சொல்லச் சொல்லுங்கள். மூலத்தைப் பார்க்காத வேறொருவர் அதைத் திரும்பத் தமிழில் சொல்லட்டும். எங்கே மாறுகிறதோ அங்கே உங்கள் கேள்வியில் குறை இருக்கிறது.

3. கேட்பதற்கு முன் பதில் சொல்லுங்கள்

கேள்வித்தாளோடு போகும் முதல் நாளில் பிள்ளைகளுக்கு எதுவும் கிடைப்பதில்லை. நாம்தான் எடுத்துக்கொண்டு போகிறோம். அதைத் திருப்பிப் போடுங்கள். முதல் இரண்டு, மூன்று சந்திப்புகள் அவர்கள் கேட்பதற்கு நாம் பதில் சொல்லும் நேரமாக இருக்கட்டும். அதற்கு, பெயர் போடாமல் கேள்வியை எழுதிப் போடும் கேள்விப்பெட்டியைவிடச் சிறந்த வழியை நான் பார்க்கவில்லை.

பெட்டிக்குப் பூட்டு வேண்டும். சாவி உங்களிடம் இருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே அளவு தாள், ஒரே நிறப் பேனா. கேள்வி இல்லாதவர்கள் கரும்பலகையில் உள்ள ஒரு வரியைப் பார்த்து எழுதிப் போட வேண்டும். அப்போதுதான் எல்லோரும் எழுதுவார்கள், யார் கேட்டார் என்று தெரியாது. வாசிப்பதற்கு முன் எல்லாக் கேள்விகளையும் நீங்கள் வேறு தாளில் எழுதிக்கொண்டு, மூலத் தாள்களை எரித்துவிடுங்கள்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று தோன்றலாம். என் முதல் ஆண்டில் ஒரு பள்ளியில் தாள்களை வாங்கித் தரும் வேலையை வகுப்பு ஆசிரியரிடம் விட்டுவிட்டேன். அவர் கையெழுத்தை வைத்து ஒரு பெண்ணைக் கண்டுபிடித்து, ஓய்வறைக்குக் கூப்பிட்டு, “இதெல்லாம் உனக்கு எதுக்கு?” என்று கேட்டிருக்கிறார். அந்தப் பிள்ளை கேட்டிருந்தது, இரண்டு மாதம் மாதவிடாய் வராவிட்டால் உடம்பில் ஏதாவது நோயா என்று மட்டும்தான். அடுத்த இரண்டு வகுப்புகளுக்கும் அவள் வரவில்லை. மற்றவர்களின் தாள்களில் கரும்பலகை வரி மட்டுமே இருந்தது. தவறு என்னுடையது. ஆசிரியர் அறைக்குள் இருக்கக் கூடாது என்பதை முன்கூட்டியே, மரியாதையாக, தலைமையாசிரியரிடம் பேசி முடிவு செய்திருக்க வேண்டும்.

அந்தக் கேள்விக்குப் பதில் எளிது. வயதுக்கு வந்த முதல் சில ஆண்டுகளில் சுழற்சி ஒழுங்காக இருக்காது. 21 நாளிலும் வரலாம், 45 நாளிலும் வரலாம். மூன்று மாதத்துக்கு மேல் வராவிட்டாலும், ஏழு நாளுக்கு மேல் போனாலும், பள்ளிக்குப் போக முடியாத அளவு வலித்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உடலுறவு நடந்திருந்தால் நாள் தள்ளியவுடனே கர்ப்பமா என்று பரிசோதிக்க வேண்டும். இதையும் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள். யாருக்குத் தேவையோ அவள் எடுத்துக்கொள்வாள்.

மாதவிடாய்க்குத் துணி பயன்படுத்தும் பிள்ளைகளிடம் “வெயிலில் காயப்போடு” என்று அச்சடித்த சுவரொட்டியைக் காட்டாதீர்கள். தேவாலாவில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெயில் என்று ஒன்று வாரக்கணக்கில் இருக்காது. ஈரம் போகாத துணியைக் கட்டில் அடியில் மறைத்து வைத்து மறுபடி எடுப்பார்கள். அரிப்பும் புண்ணும் அங்கிருந்துதான் வருகின்றன. மழைக்காலத்தில் அடுப்படிக் கொடியில், வேறொரு மெல்லிய துணியின் கீழே காயப்போடலாம். மின்சாரம் இருந்தால் இஸ்திரி போடலாம். மழை மாதங்களுக்கு மட்டுமாவது நாப்கினுக்கு மாறலாம். தமிழக அரசு திட்டத்தில் ஊரக வளரிளம் பெண்களுக்கு ஆண்டுக்கு 18 பொட்டலம், ஒவ்வொன்றிலும் ஆறு நாப்கின் என்று வரையறுத்திருக்கிறது. உங்கள் பகுதியில் அது உண்மையில் கைக்கு வருகிறதா என்று கிராம சுகாதாரச் செவிலியரிடமும் பிள்ளைகளிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். இந்த ஒரு கேள்வியே ஒரு நல்ல ஆய்வுக்குப் போதும். பயன்படுத்தியதை எங்கே போடுவது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். நம் ஓடைகள்தான் கீழே இருப்பவர்களின் குடிநீர்.

பையன்களின் பெட்டியைத் திறந்தால் பாதிக்கு மேல் ஒரே பயம்தான் இருக்கும். தூக்கத்தில் விந்து வெளியேறினால் நரம்பு தளர்ந்துவிடுமா? ஒரு துளி விந்துக்கு இத்தனை துளி ரத்தமா? பேருந்து நிலையச் சுவர்களிலும் தொலைக்காட்சியிலும் லாட்ஜில் முகாம் போடும் வைத்தியர்கள் ஊட்டிய பயம் இது. விந்து ரத்தத்திலிருந்து வடிவதில்லை, உடல் அதைத் தொடர்ந்து உண்டாக்கிக்கொண்டே இருக்கும், தூக்கத்தில் வெளியேறுவது வளர்ச்சியின் அடையாளம், அதற்கு மருந்து வேண்டாம் என்று ஓர் ஆண் களப்பணியாளர் அமைதியாகச் சொன்னால் அந்த அறையே இளகிவிடும். இந்தப் பயத்தை மனத்தில் சுமந்துகொண்டு படிப்பில் தோற்ற பையன்களைப் பார்த்திருக்கிறேன். பையன்களுக்கு வகுப்பு தேவையில்லை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சம்மதம் என்றால் என்ன, ஒரு பெண் ‘வேண்டாம்’ என்றால் அதோடு நிறுத்த வேண்டும் என்பதை அவர்களிடம் பேசாமல் வேறு யாரிடம் பேசுவது?

4. அனுமதியும் சம்மதமும்

ஆய்வு என்றால் உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் முதலில் வேண்டும். பிறகு பள்ளிகளுக்கு முதன்மைக் கல்வி அலுவலர், சுகாதார நிலையங்களுக்கு மாவட்ட சுகாதார அலுவலர், பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்குப் பழங்குடியினர் நலத் துறை. முதுமலைக் காப்பகத்துக்குள் உள்ள ஊர்களுக்கு வனத்துறையிடமும் கேட்க வேண்டும். இதற்கெல்லாம் மாதங்கள் ஆகும், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். “சொல்லிக்கொடுத்தால் கெட்டுப்போவார்கள்” என்று ஓர் அதிகாரியோ பெற்றோரோ சொன்னால் வாதாட வேண்டாம். பாலியல் கல்வி பெற்ற பிள்ளைகள் அதனால் சீக்கிரம் உறவில் இறங்குவதில்லை என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து யுனெஸ்கோ 2018 வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. அதைப் பணிவாக எடுத்துக் காட்டுங்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி 7 முதல் 12 வயது வரை பிள்ளையின் வாய்மொழி இசைவும், 12 முதல் 18 வரை எழுத்து இசைவும் வேண்டும். அதோடு பெற்றோரின் சம்மதமும் வேண்டும். பெற்றோர் ‘சரி’ என்று சொல்லி, பிள்ளை ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம்தான்.

உறைவிடப் பள்ளியில் வார்டன் கையெழுத்தோடு முடித்துக்கொள்ளும் ஆசை வரும். வேண்டாம். 2009-ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டம் ஒன்றில், பழங்குடிச் சிறுமிகள் பலருக்கு விடுதி வார்டன்களே சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 2010 ஏப்ரலில் அரசு அதை நிறுத்தியது. 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி நல்ல தடுப்பூசி. சிறுமிகள் சிலர் இறந்ததற்கு அது காரணம் என்று நிறுவப்படவும் இல்லை. ஆனால் கேட்க வேண்டியவர்களைக் கேட்காமல் விட்டதால், பெண்பிள்ளைகளின் உயிர் காக்கும் ஒரு தடுப்பூசிமேல் பல ஆண்டுகளுக்குச் சந்தேகம் படிந்தது.

பெற்றோரைப் பார்க்க ஞாயிறு பகல்தான் சரி. வார நாளில் கொழுந்து எடை போட்டுவிட்டு வீடு திரும்புவதற்குள் இருட்டிவிடும். இருட்டிய பிறகு யானை நடமாடும் வழியில் யாரையும் கூட்டத்துக்கு வரச் சொல்லக் கூடாது, நீங்களும் போகக் கூடாது. படிக்கத் தெரியாதவருக்குப் படிவத்தை முழுதாக வாசித்துக் காட்டி, அவர் நம்பும் ஒருவரைச் சாட்சியாக வைத்துக் கைரேகை வாங்குங்கள். அந்தச் சாட்சி தோட்டத்து மேஸ்திரியாக இருக்க வேண்டாம்.

5. ரகசியத்தின் எல்லையை முன்பே சொல்லுங்கள்

எனக்கு இந்த வேலையில் மிகவும் கஷ்டமான பகுதி இது. 2012 போக்சோ சட்டப்படி (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) 18 வயது நிறையாதவரின் சம்மதம் செல்லாது. 17 வயதுப் பெண்ணும் 19 வயதுப் பையனும் விரும்பிச் சேர்ந்திருந்தாலும் அது குற்றமே. தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறையிடமோ சிறப்புச் சிறார் காவல் பிரிவிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

ஆகவே, “எதைச் சொன்னாலும் ரகசியமாக வைத்துக்கொள்வேன்” என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். பிள்ளை நம்பிச் சொன்ன பிறகு காவல் நிலையத்துக்குப் போவதைவிடப் பெரிய துரோகம் இல்லை. பேச்சு தொடங்கும் முன்பே நான் இப்படிச் சொல்வேன்: “கண்ணு, நீ சொல்றதை நான் டீச்சர்கிட்டயும் சொல்ல மாட்டேன், வீட்லயும் சொல்ல மாட்டேன். ஆனா யாராவது உன்கிட்ட தப்பா நடந்துக்கிட்டா, இல்ல 18 வயசுக்குள்ள உறவு நடந்திருக்குன்னு எனக்குத் தெரிஞ்சா, சட்டப்படி நான் தெரிவிக்கணும். அப்படி வந்தா முதல்ல உன்கிட்ட சொல்லிட்டு, உன்கூடவே வருவேன். இப்ப எதைச் சொல்லலாம்னு நீயே முடிவு பண்ணு.”

இப்படிச் சொன்னால் சிலர் பேசாமல் போவார்கள். அது அவர்கள் உரிமை. எண்ணிக்கை வேண்டுமென்றால் பெயரும் அடையாளமும் இல்லாத, பிள்ளை தானே நிரப்பும் தாளை வையுங்கள், நேர்முகப் பேச்சில் சொந்த அனுபவத்தைக் கேட்காமல், “உன் வயசுப் பிள்ளைகளுக்கு இப்படி நடந்தா என்ன செய்வாங்க?” என்று கேளுங்கள்.

6. அனுப்ப ஓர் இடம்

வகுப்பு முடிந்ததும் யாராவது ஒரு பிள்ளை கதவருகே தயங்கி நிற்கும். அந்தப் பிள்ளையை எங்கே அனுப்புவீர்கள் என்பது முந்தின வாரமே முடிவாகியிருக்க வேண்டும். எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது. பெரிய சிகிச்சைக்கு 2025-ல் திறந்த ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனை சொந்த மொழி பேசும் பணியாளர்களோடு பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. அரிவாள் செல் ரத்தசோகை என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள பிள்ளைகள் அந்தப் பக்கம் உண்டு. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையை அவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. இதையும் பட்டியலில் எழுதி வையுங்கள்.

கர்ப்பமான சிறுமி என்றால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். சிறுமிகளுக்கு 24 வாரம் வரை கருக்கலைப்புக்கு, 2021-ல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டம் இடம் தருகிறது. சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போக்சோ தகவலில் மருத்துவர் அவள் பெயரைத் தெரிவிக்க வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காவல்துறைப் பயத்தில் நாட்டு மருந்து தேடிப் போகும் குடும்பங்களுக்கு இது தெரிய வேண்டும்.

உதவி எண்கள்: குழந்தைகளுக்கு 1098, மனநலத்துக்கு 14416, எச்.ஐ.வி. பற்றிக் கேட்க 1097, பொது மருத்துவ ஆலோசனைக்கு 104. எண்ணைக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பல ஊர்களில் சிக்னல் இல்லை; போன் அப்பாவுடையது; கூப்பிட்ட எண் அதில் நிற்கும். ஆகவே ஒரு மனிதரையும் காட்டுங்கள். லயத்திலிருந்து மருத்துவமனைவரை ஒருமுறை நீங்களே பேருந்தில் போய்ப் பாருங்கள். புறநோயாளிச் சீட்டு காலையில் மட்டும் என்றால் பள்ளிப் பிள்ளை எப்படி வரும்? சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா என்று மருத்துவ அலுவலரைக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் ஒதுக்குவார்கள்.

7. எண்களை எழுதும்போது

பன்னிரண்டு வீடு உள்ள ஊரில் “15 வயது, பணியர், பள்ளி இடைநின்ற பெண்” என்று எழுதினால் பெயரை எழுதாமலே பெயரை எழுதியதாகிவிடும். ஐந்துக்குக் குறைவான எண்ணிக்கை வரும் கட்டங்களைச் சேர்த்துவிடுங்கள். ஊர்ப் பெயரை அறிக்கையில் போடாதீர்கள்; வட்டத்தின் (தாலுகாவின்) பெயரோடு நிறுத்துங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படம் வேண்டாம். களக்குறிப்புகளை வாட்ஸாப் குழுவில் பகிரவே கூடாது.

8. திரும்பிப் போங்கள்

பணியர் ஊர்களிலும் லயங்களிலும் நான் அடிக்கடி கேட்ட குறை, “எழுதிட்டுப் போனவங்க திரும்பி வரலை” என்பதுதான். கண்டதை ஒரே தாளில், பெரிய எழுத்தில், படத்தோடு அச்சடித்துப் போங்கள். பிள்ளைகளிடம் முதலில் சொல்லுங்கள், பிறகு பெற்றோரிடம், அதற்குப் பிறகு அலுவலகங்களில். நாப்கின் வந்து சேரவில்லை என்று கண்டிருந்தால் அந்த மாத விநியோகப் பதிவையும் கொண்டுபோய் மாவட்ட சுகாதார அலுவலரிடம் காட்டுங்கள். ஆய்வுக் கட்டுரை வெளிவரும்வரை அதற்குக் காத்திருக்க வேண்டாம்.

போவதற்கு முன் கேள்விப்பெட்டியைப் பள்ளியிலேயே விட்டுவிடுங்கள். சாவியை, மாதம் ஒருமுறை வரும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பிள்ளைகள் பார்க்கக் கொடுங்கள்.